சாவி கேட்க வேண்டிய வீடு

தேவாலயச் சாவி
குழாய் பழுதுபார்ப்பவர் வீட்டில் கிடைக்கும் என்று
கதவில் ஓர் அட்டை.
மழையில் மை இறங்கி
வீட்டு எண் மூன்றா எட்டா தெரியவில்லை.
மூன்றில் நாய் இருந்தது.
எட்டில் ஹெலெத் இருந்தாள்,
கையில் ஸ்பானர்,
காதில் யாரோ ஒருத்தியின் கொதிகலன் புகார்.
போனை அணைக்காமலே சாவியை நீட்டினாள்.
ஒரு சாண் இரும்பு.
"பூட்டோடு சண்டை போடாதீங்க,
கதவை உங்க பக்கம் இழுத்துப் பிடிச்சுத் திருப்புங்க.
உள்ளே போனதும் சாத்திடுங்க.
குருவி புகுந்தா
கண்ணாடியில முட்டியே செத்துப்போகும்."

லான்தெவ்ரினில்
கல்லறைத் தோட்டத்துக்கு மூலையே கிடையாது.
மதில் வட்டமாகச் சுற்றி வருகிறது.
மூலை இருந்தால் சாத்தான் பதுங்குவானாம்.
நடுவே ஒரு யூ மரம்,
கோயிலுக்கு முன்பே வந்து இடம் பிடித்தது.
அடிமரம் பிளந்து
ஓர் ஆள் நிற்கும் அளவு பொந்து.
தவம் செய்யத் தோதான இடம் என்று எட்டிப் பார்த்தேன்.
புல்வெட்டும் இயந்திரமும்
பெட்ரோல் கேனும் ஏற்கெனவே தவத்தில் இருந்தன.

உள்ளே
வெளியைவிடக் குளிர்.
பெஞ்சுகள் மேல் பிளாஸ்டிக் விரிப்பு,
விரிப்பின் மேல் வௌவால் எச்சம்.
மாதத்தில் ஒரு ஞாயிறு மனிதர்கள்,
மற்ற நாளெல்லாம் அவை.
அவற்றைக் கலைத்தால் அபராதம் உண்டு.
பிரசங்கத்தைக் கலைத்தால்
யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

சுவரில் மர இடுக்கி ஒன்று,
மடிப்பு மடிப்பாய் நீளக்கூடியது.
ஜெபத்தின் நடுவே சண்டையிட்ட ஆட்டு நாய்களைக்
கழுத்தைக் கவ்வி வெளியே இழுத்துப்போக.
அதன் ஒரு முனையில் பல் பதிந்த தடம்.
எந்த நாயோ
எதிர்த்துப் பேசியிருக்கிறது.

வருகைப் பதிவேட்டில்
பதினொரு நாள் முன்பு ஒருவர்:
"பேரமைதி. கழிப்பறை இல்லை."

பிறகு கற்கள்.
எல்லாமே சிலேட்டு.
எச்சில் தொட்டு அழித்த அதே சிலேட்டுதான்,
இங்கே அழியவில்லை.
நூற்றைம்பது வருட மழை
ஒரு காற்புள்ளியைக்கூடத் தின்னவில்லை.
இத்தெல் ப்ரொதெரோ,
கல்குவாரியில் பாறை சரிந்து,
வயது முப்பத்தொன்று.
அதன் கீழே
"மேலும் அவர் மனைவி லௌரி."
அதன் கீழே ஒன்றுமில்லை.
வருடமில்லை, வயதில்லை, வசனமில்லை.
இரண்டு முழம் வழவழப்பான கறுப்பு.

சாவிக்காக ஹெலெத் வந்தாள்,
ஜாக்கெட்டில் துரு.
கேட்டேன்.
"படகோனியா போயிட்டா.
ரெண்டு பிள்ளைங்களோட கப்பல் ஏறி.
கல்தச்சன் எழுத்துக்கு ஒரு பென்னி வாங்குவான்.
அவர் பெயரோட தன் பெயருக்கும்
கையோட கொடுத்துட்டுப் போனா."
அவர்கள் மொழியில் லௌரி ஐந்தெழுத்து.
ஐந்து பென்னி.
திரும்பி வந்து படுக்க முன்பணமா,
வரமாட்டேன் என்பதற்குத் தானே கட்டிய தண்டமா?
"எனக்குத் தெரிஞ்சது குழாய்தான்" என்றாள் ஹெலெத்,
ஆனாலும் குனிந்து
அந்த வெற்றிடத்தில் ஒட்டிய புல்லைத் துடைத்தாள்.

அப்போதுதான் உறைத்தது,
கதவை நான் சாத்தவில்லை.

ஓடினோம்.
உத்தரத்துக்கும் ஜன்னலுக்குமாய்
ஒரு தூக்கணம் அளவுகூட இல்லாத குருவி
முட்டி, விழுந்து, எழுந்து, மறுபடி முட்டி.
ஹெலெத் என்னை ஒரு வார்த்தை திட்டினாள்,
எனக்குப் புரியாத மொழியில், புரியும்படி.
இடுக்கியைச் சுவரிலிருந்து கழற்றி
நுனியில் தன் கழுத்துத் துணியைக் கட்டி
முழு நீளத்துக்கும் விரித்து வீசினாள்.
நாய்களுக்குச் செய்தது,
முதல்முறையாக வானத்தைப் பார்த்தது.
பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஏறி நின்று
நான் கையை ஆட்டினேன்.
வௌவால்கள் ஏதும் சொல்லவில்லை.

எப்போது போனதென்று இருவருமே பார்க்கவில்லை.
திடீரென்று
சிறகுச் சத்தம் இல்லை.
திறந்த கதவில் மழை மட்டும்.

பூட்டோடு சண்டை போடாமல்
இழுத்துப் பிடித்துத் திருப்பினேன்.
அவள் போன் மீண்டும் அடித்தது.
கொதிகலன்காரிதான்.
"வர்றேன்னு சொல்லிட்டேன் இல்ல, வருவேன்"
என்றபடி ஹெலெத் மதிலை ஒட்டி
வட்டமாக நடந்து போனாள்.
நனைந்த கல்லில்
கணவன் பெயர் தெளிவாகவும்
அதன் கீழே இன்னும் கறுப்பாகவும்.