காலையில் நாட்டோ சாப்பிட்டவள்

வாசலிலேயே கேட்டார்கள்,
காலணி கழற்றும் முன்பே, கை கழுவும் முன்பே:
இன்று காலை யாராவது நாட்டோ சாப்பிட்டீர்களா?

நாத்தனார் சவாகோ என் காலை
மெல்ல மிதித்தாள். சொல்லாதே.
விடுதியில் மூன்று கிண்ணம் காலி செய்தது நான்தான்.
ஊறி நொதித்த சோயா,
குச்சியை உயர்த்த உயர்த்தக்
கூடவே எழுந்து வரும் சிலந்தி நூல்.
இன்னும் மேலுதட்டில் எங்கோ ஓர் இழை
ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

சாப்பிட்டேன் என்றேன்.

வெள்ளைத் தொப்பிக்காரி ஆழக் குனிந்து வணங்கினாள்,
ஏதோ துக்கச் செய்தி சொல்லிவிட்டதுபோல.
உள்ளே கோஜி அறையில்
அவித்த அரிசிமேல் பூஞ்சணம் படர்கிற இரண்டாம் நாளாம்.
என் மூச்சு ஒன்று போதுமாம்,
பருவம் முழுக்கப் பாழ்.
ஐம்பத்து மூன்று வயதில் முதன்முறையாக
என்னைக் கண்டு ஒரு கட்டடம் பயந்தது.

கதவு சாத்தியது.
நான் தெருவில், பிப்ரவரியில்.

கூரை விளிம்பில் தேவதாரு இலைகளை
நெருக்கிக் கட்டிச் சீவிய பெரிய பந்து.
புதுச் சாகே இறங்கிய அன்று பச்சையாய்த் தொங்கவிட்டது.
வெயில் படும் பக்கம் மட்டும்
தேநீர் நிறத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது.
தலையில் பனிக் குல்லா.
கீழே வடிகாலில் அரிசி களைந்த தண்ணீர்
பாலாகப் புறப்பட்டுத்
தபால் நிலையம் தாண்டுவதற்குள் தெளிந்துவிடுகிறது.
மதிலோரம் மூங்கில் குழாயில் ஊற்று நீர்,
கேன்களோடு ஊர்க்காரர்கள் வரிசை.
மீன் தொட்டிக்கு என்றாள் ஒரு சிறுமி.
காபிக்கு என்றார் பல் மருத்துவர்,
கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தவர்.
நானும் இரண்டு அகப்பை குடித்தேன்.
பல் கூசியது.

பின்வாசலில் லாரி.
காலிப் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த உனோசாவா
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
நாட்டோவா?
தலையசைத்தேன்.
வாங்க, நம்ம கட்சி.

பதினோரு வருஷமாக இந்த ஆலையின் லாரி ஓட்டுகிறார்.
கோஜி அறையை ஒருநாளும் பார்த்ததில்லை.
சிகரெட்டை விட்டேன், குதிரைப் பந்தயத்தை விட்டேன்,
காலையில் அது மட்டும்...
கையை விரித்தார்.
குடிப்பீர்களா என்றேன்.
பகலில் வண்டி ஓட்டணுமே.
ராத்திரியில்?
ராத்திரி பீர்.

ஆனால் காதுக்குத் தெரியுமாம்.
காலிப் பெட்டி ஊரைக் கூட்டும்.
நிறைந்த பெட்டி மலை வளைவில்கூட வாய் திறக்காது.
ஒரே ஒரு சீசா உருவியிருந்தாலும்
முதல் ரயில் கேட்டிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

அப்போது கூரைத் திறப்பில் ஆவி எழுந்தது,
வெந்த அரிசியின் ஆவி,
புகைபோக்கியைவிட உயரமாய், வெள்ளையாய்.
இருவரும் அண்ணாந்து நின்றோம்.
எனக்கு மறுபடி பசித்தது.

முக்கால் மணி கழித்துக்
கன்னம் சிவந்து வந்தார்கள் மூவரும்.
தொட்டிக்குள் வாழைப்பழ வாசனை என்றார் என் கணவர்.
காது வைத்தால் மழை பெய்கிறது என்றார் சவாகோவின் கணவர்,
பெய்கிறது, பெய்கிறது, என்று இன்னும் இரண்டு முறை.
எனக்கென்று ஒரு காகிதக் குவளை வந்தது.
ஊற்று நீர்.
உள்ளே போயிருந்தாலும் இதுதானாம்,
கார் ஓட்டுபவருக்குச் சாகே கிடையாது.

திரும்பும்போது வெளியே பனி,
உள்ளே மூன்று பேரின் மூச்சு.
கண்ணாடிகள் வியர்த்தன.
நானே ஆலைக்குள் ஓட்டிக்கொண்டிருப்பதுபோல்
புளிப்பும் இனிப்புமாய் ஒரு வாசனை.
ஜன்னலை ஒரு விரல் இறக்கினேன்.
பின்னிருக்கையில், மாமனாரின் எழுபத்தேழாம் பிறந்தநாளுக்கு
வாங்கிய ஆறு சீசாப் பெட்டி.

ரயில் கேட்டில்
ணங் என்றது.

கண்ணாடியில் பார்த்தேன்.
சவாகோ கோட்டுக்குள் எதையோ அணைத்தபடி
தூங்கிக்கொண்டிருந்தாள்,
தூங்குகிறவர்கள் யாரும் தூங்காத அளவுக்கு
நேர்த்தியாக.