பதினோராம் பக்கம்

முப்பத்திரண்டு பக்கம். பச்சை அட்டை.
முன்னாள் படைவீரர் நலனுக்காக என்று
மங்கிய முத்திரைக்குக் கீழே அச்சு.
மிக்சர் பொட்டலத்துக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவில் வைத்து
லீலாபாய் எனக்குக் கொடுத்தனுப்பியது.
ஜுபைல் முகாமில் அது
கட்டில் கட்டிலாகப் போய்வந்தது.

பதினோராம் பக்கத்தில் கேட்கிறார்கள்:
நினைவு திரும்பாது என்று மருத்துவர் சொன்னால்
சுவாசக் குழாய் வேண்டுமா?
தன் கையால் அள்ளிச் சாப்பிட முடியாத வாழ்க்கை
வாழத் தகுந்ததா?
ஆம். இல்லை. சொல்லத் தெரியவில்லை.
மூன்று கட்டம். ஒரு டிக்.

சாப்பாட்டுக் கூடத்து டிவியில்
நான்கு சதுரத்தில் நான்கு பேர்.
சிப்பாயைச் சாகச் சொல்லும் புத்தகம் என்றார் ஒருவர்.
பென்ஷனை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள்.
கண்ணியமாகப் போவது உரிமை என்றார் மற்றவர்;
தோளிலிருந்து சரியும் கட்சித் துண்டின்மேல்தான்
அவருக்கு முழுக் கவனமும்.
சுருக்கமாக, சுருக்கமாக என்றார் நடுவில் இருந்தவர்.
அப்புறம் சிமென்ட் விளம்பரம்.

குப்பூஸைப் பிய்த்தபடி நாங்களும் இரண்டாகப் பிரிந்தோம்.
"எல்லையில் நின்னப்ப எவன் படிவம் தந்தான்?"
பரமதயாளன், பாலம் கட்டும் பிரிவில் இருந்தவன்.
"தந்தாங்களே. பனிமலை ஏறும் முன்னால உயில்.
நீ உன் சைக்கிளைத் தம்பி பேருக்கு எழுதினே"
என்றான் அமீர்பாதுஷா.
சிரித்தோம்.
"அங்கே சுடுறவன் எதிரே இருந்தான். இங்கே…"
என்று ஆரம்பித்த பரமதயாளன்
பருப்பை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டான்.

ஒச்சாத்தேவன் அன்று எந்தப் பக்கமும் பேசவில்லை.
அவருக்கு இரவு ஷிப்ட். நான்காம் கேட்.

ஆகஸ்ட். கூண்டின் கண்ணாடி வெளியே வியர்க்கிற மாதம்.
டேங்கர் ஒன்றுக்காகத் தடுப்புக் கம்பியை உயர்த்தியவர்
இறக்கவில்லை.

தம்மாமில் ஒன்பது நாளாக
எந்திரம் அவருக்காக மூச்சு விடுகிறது.
சூடான்காரர் டாக்டர், மெதுவாகப் பேசுகிறவர், கேட்டார்:
முன்னால் ஏதாவது சொல்லியிருக்கிறாரா?
கம்பெனி ஆள் இக்காமா முடியும் தேதியைக் கேட்டான்.
உசிலம்பட்டியிலிருந்து செவனம்மாள் கேட்டது
டாக்டர் கேட்டதையேதான்:
"அவுக என்னமும் சொன்னாகளாண்ணே?"

தலையணைக்கு அடியில் கிடைத்தது என் பச்சைப் புத்தகம்.
பதினோராம் பக்கத்தில் டிக் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் ஓவர்டைம் கணக்கு,
கூட்டலில் ஒரு தப்பு, அடித்துத் திருத்தி.
மகள் ஃபீஸ், இரண்டாம் தவணை.
மூன்றாம் பக்கத்துக்கு மட்டும் பதில் எழுதியிருந்தார்.
உங்களுக்கு எது முக்கியம் என்பது கேள்வி.
'காலை நாலு மணி. ரோட்டில் வண்டி கிடையாது.
கடல் பக்கத்துக் காத்து.'

இதை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?
டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.
தலையசைத்தார்.
எழுதிக்கொள்ளவில்லை.

புத்தகத்தை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொண்டார்களாம்.
வெற்றி என்றார் ஒருவர்.
மற்றவரும் வெற்றி என்றார்.
துண்டு இப்போது ஊசி குத்தி நின்றது.

அவர் ஷிப்ட் எனக்கு வந்தது.
நான் சிக்னல்ஸ்காரன். பதினேழு வருடம்
யார் அனுப்பினாலும், யாருக்கு அனுப்பினாலும்,
எழுத்து மாறாமல் கடத்துவதுதான் என் சம்பளம்.
நாலு மணிக்குக் கூண்டிலிருந்து ஊருக்குப் போன் போட்டு
மூன்றாம் பக்கத்தைப் படித்தேன்,
முற்றுப்புள்ளியில் நிறுத்தி நிறுத்தி.

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்தியது.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்,
"இப்ப அடிக்குதா அந்தக் காத்து?"

கொடிக்கம்பத்தில் துணி தொங்கியபடி இருந்தது.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
தூரத்தில் ஒரு டேங்கரின் விளக்கு.

அடிக்குது என்றேன்.