ஆறு மில்லி

கிருஷ்ணகிரி ரவுண்டானா,
ஓசூர் பஸ் திரும்பும் இடம்.
மஞ்சள் டி-ஷர்ட், மஞ்சள் தொப்பி.
தொப்பி தொலைந்தால் சம்பளத்தில் நாற்பது பிடிப்பார்கள்.
சேர்ந்த அன்று
தொப்பியும் இலவசம் என்றார்கள்.

பையில் இருநூறு பாக்கெட்,
ஒவ்வொன்றிலும் ஆறு மில்லி கூந்தல் தைலம்.
கொடுப்பதாகப் பெயர்.
வாங்குகிறேன்: ஒரு பெயர், பத்து இலக்கம்.
நூற்றிருபது நம்பர் சேர்ந்தால் நானூற்றைம்பது ரூபாய்.
நூற்றுப்பத்தொன்பது என்றால் எவ்வளவு, கேட்டேன்.
சூப்பர்வைசர் முனிரத்தினம் சிரித்தார்.

மாங்காய் லாரிக்காரர் நாலு பாக்கெட் எடுத்தார்,
நாலு நம்பர் சொன்னார்,
நாலும் ஒன்றே.
பர்கூர் ஜவுளிக்கடைப் பெண்கள்
"ஓசிக்கு எதுக்கும்மா நம்பரு?" என்று கேட்டபடியே
சொல்லிவிட்டுப் போனார்கள்.
ஒரு பையன் அவன் அப்பாவின் நம்பரை
வாய்ப்பாடு போல ஒப்பித்தான்.

மூன்றரைக்கு மழை.
மேம்பாலத்துக்கு அடியில் நின்று எண்ணினேன்.
எழுபத்தெட்டு.
என் போனைத் திறந்தேன்.
அகிலா டெய்லர், அடுத்தது அம்மா.
தாண்டிப் போனேன்.
ஆஞ்சி மாமா, கேஸ் சிலிண்டர்,
பத்தாவதில் கூடப் படித்த பவித்ரா,
வெங்கடம்மா, வேன் டிரைவர்.
எல்லாம் தீர்ந்தும் ஒன்று குறைந்தது.
திரும்பி மேலே வந்தேன்.

மூன்றாவது ஞாயிறு காவேரிப்பட்டணம் போனபோது
அம்மா முகத்தில் ஏதோ பூரிப்பு.
"ஒரு பொண்ணு போன் பண்ணுச்சுடி. மேடம், மேடம்னு.
முடி கொட்டுதா, தூக்கம் வருதான்னு கேட்டுச்சு.
இருபது நிமிஷம்.
நீ அப்பிடிப் பேசி எவ்ளோ நாளாச்சு.
பெரிய பாட்டிலே ஃப்ரீயாம்,
கொரியருக்கு மட்டும் நாப்பத்தொம்பது.
அப்புறம் மெசேஜ்ல வந்த நம்பரைச் சொன்னேன்."

கணக்கில் ஆயிரத்து எண்ணூறு போயிருந்தது.
மாதாமாதம் போகும் என்று
ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில்
இருந்தது.

வகுத்தேன். நாலு நாள் ரவுண்டானா.
அந்த நாலு நாளில் நானூற்றெண்பது பேர்.
அதற்கு மேல் கணக்குப் போடவில்லை.

"என் நம்பரை யார் குடுத்திருப்பாங்க?"
அம்மா கேட்டது திட்டுவதுபோல் இல்லை,
யாரோ நல்லது செய்தவரை விசாரிப்பதுபோல் இருந்தது.
நான் மடியில் தொப்பியைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

பெரிய பாட்டில் இன்னும் வரவில்லை.
பையின் மூலையில் ஒரு பாக்கெட் கிடந்தது.
பல்லால் கிழித்து, அம்மாவை முன்னால் உட்காரவைத்து
வகிடு பிரித்துத் தேய்த்தேன்.
நல்ல வாசனை என்றாள்.
ஆறு மில்லி
இடது பக்கத்துக்குத்தான் வந்தது.