நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கெல்வே துரைக்கு என் அளவுப் புத்தகத்தில்
ஒரே பக்கம்தான்.
இருபது வருஷமாய் அடித்தும் திருத்தியும்
நெஞ்சு முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு.
அடிக்காத வரி ஒன்று:
வலது தோள் அரை அங்குலம் தாழ்வு.

முதலில் வந்தபோது மணிக்கட்டில் இரண்டு கோடு.
லீவில் குன்னூர் போகிற வழி.
கமர்ஷியல் தெருவில் மழை.
ஒதுங்க நுழைந்தவர்
ஆகாயப்படை நீலத்தில் கோட்டுக்குச் சொல்லிவிட்டுப் போனார்.
"அந்தத் தோளில் பஞ்சு வை. வெளியே சொல்லாதே."
யாரிடம் சொல்ல? வைத்தேன்.

இரண்டுக்கு நடுவே மெல்லியதாய் ஒன்று சேர்ந்தது.
பிறகு மூன்றும் சம அகலம்.
அந்த வருஷம் வஜிரிஸ்தானில் இருந்தாராம்.
கை அளக்கும்போது சொன்னார்:
"முதலில் காகிதம் போடுவோம், ஊரைக் காலி பண்ணச் சொல்லி.
மறுநாள்தான் குண்டு."
என் உதட்டில் குண்டூசி நாலு.
இல்லாவிட்டால் கேட்டிருப்பேன்,
ஆடுகளுக்கு எந்தப் பாஷையில் அச்சடித்தீர்கள் என்று.
கேட்டிருக்க மாட்டேன்.
முன்பணம் வாங்கியிருந்தேன்.

நாலு கோடு. யுத்தம்.
எலகங்காவிலிருந்து ஜீப்பில் வருவார்,
டிரைவர் இன்ஜினை அணைக்கமாட்டான்.
ஒரு தடவை கோடு கேட்கவில்லை.
கறுப்புத் துணி, நாலு விரற்கடை, இடது கைக்கு.
யாருக்கு என்று நானும் கேட்கவில்லை,
காசும் கேட்கவில்லை.
மிஷின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஏர் கமடோர் ஆன அன்று
நாலையும் பிரிக்கச் சொன்னார்.
அகலமாய் ஒன்றே ஒன்று போதுமாம்.
காஜா எடுக்கும் கஃபூர்
அவர் போனபின் கிசுகிசுத்தான்:
"இறக்கிவிட்டார்களா, அண்ணே?"

நாற்பத்தேழு, ஆகஸ்ட் தாண்டி ஒரு சனிக்கிழமை.
அதே கோட்டோடு நடந்தே வந்தார்.
"எல்லாவற்றையும் எடு.
ஊரில் தோட்டவேலைக்குப் போட்டுக்கொள்வேன்."
பிளேடால் நூல் நூலாய் அறுத்தேன்.
பட்டை இருந்த இடத்தில்
நேற்றுப் பீஸிலிருந்து கிழித்த மாதிரி நீலம்.
அப்போதுதான் தெரிந்தது
மற்றதெல்லாம் எவ்வளவு வெளுத்திருக்கிறதென்று.
தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன், மூன்று தரம்.
வித்தியாசம் போகவில்லை.

"இருக்கட்டும்" என்றார்.
கதவருகே நின்று, திரும்பாமல்,
"பஞ்சையும் எடுத்துவிடு."

லைனிங்கைப் பிரித்தேன்.
அழுக்கேறி, வியர்வையில் கெட்டிப்பட்டு,
உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான் வந்தது.
கோட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்,
ஒரு பக்கம் சாய்ந்து.

குப்பையில் போட மனம் வரவில்லை,
வைத்துக்கொண்டு என்ன செய்ய என்றும் தெரியவில்லை.
கடை சாத்தும்வரை
கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடந்தது.