தண்ணிக்கு ரெண்டு கிலோ

ரெண்டு ஸ்பீக்கர், ஒரு மிக்சர், நாலு மைக்
(நாலாவது பேசாது, எண்ணிக்கைக்கு)
பொகவந்தலாவையிலிருந்து ஒரே ஓட்டோவில்.
வளைவுக்கு வளைவு
வயர்ச் சுருளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான்.

கீழ்க்கணக்குக் கொழுந்து மடுவம்தான் மேடை.
நேற்று நிறுத்த பச்சை இலையின் வாடை
இன்னும் சிமெந்தை விட்டுப் போகவில்லை.
மைக் ஸ்டாண்டின் ஒரு கால்
எந்த வளைவில் விழுந்ததோ.
தராசு தொங்கும் கொக்கியில்
மைக்கைக் கட்டித் தொங்கவிட்டேன்.
"பேசுறவங்க எல்லாரும் நிறுவைக்கு வாங்க"
என்றான் அறிவிப்பாளன் தவராசன்.
அன்றைக்கு முதல் கைதட்டல் அதற்கு.

ஆறு மணி என்றது நோட்டீஸ்.
ஏழேகாலுக்கு இறைவணக்கம்.
பிறகு தலைமையுரை, சிறப்புரை,
சிறப்புரைக்கு ஒரு நன்றியுரை.
யாருக்கும் தெரியாமல்
குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கினேன்.
இந்தத் தொழிலில் எனக்குள்ள அதிகாரம் அவ்வளவுதான்.

டிலக்சனின் கீபோர்ட்டில் ஒரு கட்டை
அழுத்தினால் எழும்பாது.
அவன் பாடல்கள் எல்லாம்
அந்த ஒரு சுரத்தைச் சுற்றிக்கொண்டு போயின,
ரோட்டில் படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிப் போவதுபோல்.
ஃபாக்டரி இலெக்ட்ரீசியன் ஜனித்
கித்தாரோடு சிங்களத்தில் பாடினான்.
பின்வரிசைப் பையன்கள் தமிழில் விசிலடித்தார்கள்.
தப்புக்கு மைக் வைக்கப் போனேன்.
"எதுக்கு?" என்றார் பெரியதம்பி.
ஒரே ஒரு தட்டு.
மிக்சரின் சிவப்பு விளக்கெல்லாம் தானாய் எரிந்தன.

அடுத்து கவிதை.
கொழும்புத் துணிக்கடையிலிருந்து
லீவில் வந்த கிருபாலினி.
அவள் கையில் காகிதம் நடுங்கியது
ஸ்பீக்கரில் கேட்டது.
மழை தொடங்கிவிட்டதென்று
சிலர் தகரத்தைப் பார்த்தார்கள்.

"கடையில் விலாசம் கேட்டார்கள்.
தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.
அது கம்பனியின் விலாசம் என்றார்கள்,
உன்னுடையது எது?"

முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை.
அவளுக்கும் தெரியவில்லை போலும்.
காகிதத்தை நாலாய் மடித்தாள், எட்டாய் மடித்தாள்.
பெட்டிகளின் இரைச்சல் மட்டும்.
அதைக் குறைக்க என் கை போகவில்லை.

அந்தோணியம்மா வந்தபோது மணி ஒன்பது தாண்டியிருந்தது.
தலையில் கூடை, காதில் சொருகிய பென்சில்.
பென்சிலைக் கண்டதுமே சனம் புரிந்துகொண்டது.
கணக்கப்பிள்ளை சவரிமுத்து முன்வரிசையில் இருந்தார்,
பொன்னாடை இன்னும் தோளில்.

"பதினெட்டு கிலோ" என்றாள் அவர் குரலில்.
"தண்ணிக்கு ரெண்டு. சாக்குக்கு ஒண்ணு.
இப்ப ஒரு பெருமூச்சு விட்டியே தாயி,
அதுக்கு அரை."

சவரிமுத்து சிரிக்கவில்லை.
அவர் மனைவி சிரித்தாள்.
அதற்குப் பிறகு அவருக்கும் வேறு வழியில்லை.

அப்போதுதான் கரண்ட் போனது.
பெட்டி ரெண்டும் செத்தன.
ஜெனரேட்டருக்கு ஓட்டோவில் இடம் இருக்கவில்லை.
இருட்டுக்குள்ளிருந்து அவள்:
"பாத்தீங்களா, வெளிச்சத்துலயும் ரெண்டு கிலோ கழிச்சிட்டாரு!"

ஒவ்வொன்றாய் போன்கள் எரிந்தன.
சிமெந்துத் திட்டில் ஏறி நின்றாள்.
இந்த மலையில் நின்று
அந்த மலையில் கொழுந்தெடுப்பவளிடம்
வெற்றிலை இருக்கிறதா என்று கேட்டுப் பழகிய குரல்.
மேல்கணக்கு லயத்தில் ஒரு கதவு திறந்தது.
யாரோ அங்கிருந்தே சிரித்தார்கள்.
என் பெட்டிகள் ஒருநாளும் போகாத தூரம் அது.
வயர்ச் சுருளின்மேல் உட்கார்ந்து
நானும் சிரித்தேன்,
குமிழ் எதையும் தொடாமல்.

பதினொன்றரைக்குக் காசு எண்ணினான் தவராசன்.
பேசியது பன்னிரண்டாயிரம்.
கைக்கு வந்தது பத்து.
"மிச்சம்?"
அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.
"தண்ணிக்கு."

பாதி மலை இறங்கிய பிறகுதான் நினைவு வந்தது.
மைக் இன்னும் கொக்கியில்.
"திருப்பவா?" என்றான் ஓட்டோக்காரன்.
நாளைக்குத் திங்கள்.
முதல் நிறுவை அதற்கு நேர் கீழே.

"வேணாம்" என்றேன். "போ."