மலையிறங்கிய வண்டி

ஐந்து இருபது பேருந்தை நிறுத்திவிட்டார்கள்.
ஆறு மணிக்கு நெஷ்கா சலவைக்கூடத்தில் நிற்க வேண்டும்.
மருத்துவமனையின் ஈரப் போர்வைகள்
யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

முப்பது யூரோ.
பழஞ்சாமான் சந்தையில் சுவரோடு சாய்ந்திருந்தது
ஊதாவில் தொடங்கி மஞ்சளில் முடியும் ஒரு மலைச் சைக்கிள்,
அவள் பள்ளிக்கூடம் போன காலத்து வர்ணம்.
டயர் முழுக்க முதலை முதுகு.
குதிப்பதற்கென்றே செய்த முன் ஃபோர்க்குக்குள்
ரப்பர் உருகி
பழைய மிட்டாய்போல் இறுகிவிட்டிருந்தது.
குதிக்க மறந்துபோய்
கூனிக்கொண்டிருக்க மட்டும் தெரிந்தது அதற்கு.

இந்த ஊர்ப் பெயரை நம் எழுத்தில் எழுதினால்
மாரியும் வரும், போரும் வரும்:
மாரிபோர்.
அக்டோபரில் அது பொய்யில்லை.
ஆகவே முதல் தேவை மட்கார்டு.
இரண்டாவது தேவையும் மட்கார்டுதான், பின்சக்கரத்துக்கு.

சமையலறைத் தரையில் செய்தித்தாள் விரித்து
‘வீடு வாடகைக்கு’ பக்கத்தின்மேல்
வண்டியைத் தலைகீழாய் நிறுத்தினாள்.
சீட்டுக் கம்பி அசையவில்லை.
எண்ணெய் விட்டாள், ஓரிரவு.
இன்னும் கொஞ்சம் எண்ணெய், இன்னோர் இரவு.
மூன்றாம் இரவு, எண்ணெயோடு கொஞ்சம் கெட்ட வார்த்தை.
க்ரீச்சென்று அது ஒரு விரற்கடை நகர்ந்தபோது
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
தன் கூரையை இடித்தார்.

பெடல் அச்சைக் கழற்றியபோதுதான்
குழாயின் வயிற்றுக்குள்ளிருந்து
பொலபொலவென்று
மண்.
தவிட்டு நிறத்தில், காய்ந்து,
போஹோர்யே மலையின் மண்.
நடுவே ஊசியிலைத் துணுக்குகள்,
ஏதோ வண்டின் ஒற்றைச் சிறகோடு.
கால் கோப்பை இருக்கும்.
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
வாடகை விளம்பரங்களோடு சேர்த்து மடித்துக்
குப்பையில் போட்டாள்.
கிரீஸை மட்டும் தாராளமாய் அப்பினாள்.

மூன்று பல்சக்கரத்தில் நடுவில் இருப்பது போதும்.
பெரியது வேகத்துக்கு, சின்னது சிகரத்துக்கு,
சலவைக்கூடத்துக்கு இரண்டும் எதற்கு?
கூனிய ஃபோர்க் போய் நேர் இரும்பு வந்தது.
ஹேண்டில்பார் பின்னோக்கி வளைந்து
அவள் கையைத் தேடி வந்தது.
இனி முதுகு நிமிர்ந்தே உட்காரலாம்.
கேரியரில் ஓர் ஆப்பிள் பெட்டி, நான்கு போல்ட்.
ஒரு போல்ட் மட்டும் நீளம் கூட,
அதன் தலையில் ஒயின் புட்டியின் தக்கை.

முதல் நாள், திராவா பாலம்.
மழை தன் வேலையைச் செய்தது.
மட்கார்டு தன் வேலையைச் செய்தது.
காற்றுக்குத்தான் ஒன்றும் பொருத்தியிருக்கவில்லை.

மூன்றாம் வாரம், சிவப்பு விளக்கு.
ஒரு கால் ஊன்றி நிற்கிறாள்.
பெட்டியில் சீருடை, சாப்பாட்டு டப்பா,
உடன் வேலை செய்பவளுக்கு ஒரு முட்டைக்கோஸ்.
பக்கத்து வேனின் கண்ணாடி இறங்குகிறது,
ஒரு நரைத்த தாடி.
“அது என் வண்டி.”
“முப்பது யூரோ கொடுத்தேன்” என்றாள் அவசரமாய்.
“தெரியும். விற்றவன் நான்தான். ஆனால்...”
அவர் பார்வை மட்கார்டில் ஏறி,
ஆப்பிள் பெட்டியைச் சுற்றி,
முட்டைக்கோஸில் தடுக்கி விழுந்தது.
“இதை என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்!”

பதிலுக்குப் பெல்லைக் காட்டலாமா என்று யோசித்தாள்.

“மேல்குழாயில் ஒரு நெளிவு இருக்கும் பாருங்கள்.”
இருந்தது.
“அது ஒரு பாறை.”
சட்டைக் காலரை விலக்கி
கோணலாய்க் கூடிய காறையெலும்பைக் காட்டினார்.
“இதுவும் அதே பாறை.”

வைப்பர் இரண்டு முறை போய் வந்தது.

“இன்னும் மேலே ஏறுமா?”
“ஏறும். மூன்றாம் மாடி வரை.
என் தோளில்.”

சிரித்தாரா என்று பார்ப்பதற்குள் பச்சை.
வேன் உறுமி, குலுங்கி, நின்றுபோனது.
பின்னால் ஹார்ன்கள்.
நெஷ்கா போய்விட்டாள்.

பாலத்தின் நடுவில் தோன்றியது,
அந்த மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை
சொல்லியிருக்கலாம்.

ஐந்து ஐம்பத்து மூன்று.
மிதித்தாள்.