இரண்டு தசம் ஐந்து

மாசியில், அரிவு வெட்டு முடிந்த கிழமை
முரசுமோட்டை ஆஸ்பத்திரிச் சுவரில்
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில்
ஒரு வெள்ளைப் பெட்டியைப் பூட்டினார்கள்.
சோற்றுப் பார்சல் அளவு.
உள்ளே சின்ன விசிறி, ஒரு சிவப்பு ஒளி.
ஒளியைக் கடக்கும் தூசு மினுங்குமாம்,
மினுக்கத்தை அது எண்ணுமாம்.

பூட்டியவன் கஜரூபன், ஏணியில் நின்றபடியே சொன்னான்:
"இரண்டு தசம் ஐந்து என்று பெயர், அக்கா.
தலைமயிரின் குறுக்கை முப்பது பங்கு போடுங்கோ,
அதில் ஒரு பங்கு.
மூக்கு மறிக்காது. இருமலும் மறிக்காது.
நெஞ்சின் கடைசிக் கிளைவரை போய்
இரத்தத்துக்குள் இறங்கும்."
பிறகு ஏணியை மடித்தான்,
தேத்தண்ணி வேண்டாமென்று போய்விட்டான்.

எனக்கு நெபுலைசர் அறையில் வேலை.
தொய்வுக்காரர் வந்தால் மாஸ்க்கை மாட்டி
மருந்தை ஊற்றி
ஆவி தீரும்வரை விலா எழும்பி இறங்குவதைப் பார்த்திருப்பேன்.
நிமிடத்துக்கு எத்தனை மூச்சு:
எனக்கு எண்ணத் தெரிந்தது அதுதான்.

இப்போது இரண்டு கணக்கு.
வைக்கோல் கொளுத்திய செவ்வாய், சுவரில் நூற்று நாற்பது,
வாங்கில் பதினொரு பேர்.
அதில் ஒருவரின் நெஞ்சில் ஏற்கெனவே ஒரு இரும்புத் துண்டு,
புகை அவருக்கு இரண்டாவது.
சோளகம் தொடங்கிய நாள் பதினெட்டு.
இரண்டு பேர், ஒருவர் பிரஷர் பார்க்க வந்தவர்.
டிப்பர்கள் நிரையாகக் கிரவல் ஏற்றிப்போன நாள்
கொய்யா இலைகூடச் சிவந்திருந்தது,
பெரிய எண் வருமென்று ஓடிப் பார்த்தேன்.
வரவில்லை.
அது பருந்தூசு. பெரும்பாலும் தொண்டையோடு நிற்கும், துப்பலாம்.
கண்ணுக்குத் தெரிவதுதான் கெட்டது என்று
அன்றுவரை நம்பியிருந்தேன்.

ஒரு நாள்
இருபத்துநான்கு மணித்தியாலத்தையும் கூட்டிப் பிரித்து
பச்சை என்றது பெட்டி.
அன்று மாலை ஆறரைக்குத்தான்
மில்லின் குழாய் உமிப்புகையைக் கக்க
திலக்சிகன், நாலு வயது, உதடு நீலம்,
தகப்பனின் தோளில் வந்தான்.
சராசரியை மூச்சாக இழுத்தவர் யாருமில்லை.
ஆறரையைத்தான் இழுக்கிறோம்.

இரவு பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினேன்.
மில்லின் பெயர், நேரம், எண்,
பிள்ளையின் மூச்சு நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு.
கோபம் வந்தால் என் கையெழுத்து வடிவாகும்.

ஒப்பிட்டுப் பார்க்கவென்று கஜரூபன் தந்த கைக்கருவி
கடிதத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.
அறுநூற்றுப் பதினொன்று.
பழுதென்று நினைத்துத் தட்டினேன்.
முற்றத்துக்குக் கொண்டுபோனேன்: இருபத்திரண்டு.
திரும்ப அறைக்குள்: ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

பிறகுதான் கட்டிலின் கீழே கண்டேன்,
நுளம்புத்திரியின் சிவந்த நுனி.
யன்னல் சாத்தியிருந்தது.
மகள் அனோஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.
ஏழு வருடம், ஒவ்வொரு இரவும்.
விடியற்காலை இருமினால்
பனி பிடித்ததென்று நான்தான் சொல்வேன்,
நெபுலைசர் அறைக்காரி.

திரியைத் தண்ணீரில் முக்கினேன்.
யன்னலைத் திறக்க நுளம்பு வந்தது,
டெங்குக்கு என் எண்கள் தெரியாது.
அலுமாரியில் கிடந்த வலையை எடுத்து
இரண்டு கிழிசலைப் பிளாஸ்டரால் ஒட்டிக் கட்டினேன்.
முந்நூறு. நூற்று நாற்பது. அறுபத்தொன்று.
நித்திரை வரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடிதத்தைக் கிழிக்கவில்லை.
மில்லும் உண்மை.
அடியில் கொஞ்சம் இடம் இருந்தது, எழுதினேன்:
"என் படுக்கையறை, இரவு ஒன்பது பத்து, அறுநூற்றுப் பதினொன்று.
புகைக்குப் பொறுப்பு: நான்."

மூன்று மாதத்தில் பதில் வந்தது.
நுளம்புத்திரியின் தீமைகள் பற்றி இரண்டு பந்தி,
நல்ல தமிழில்.
மில்லைப் பற்றி ஒரு வரியுமில்லை.

இன்று மாலை ஆறரை. பெட்டி சிவப்பு.
சின்ன மாஸ்க்கைக் கழுவி
உலர வைத்திருக்கிறேன்.